குமாஸ்தா புத்தி

"அவனுக்குக் குமாஸ்தா புத்திப்பா" என்று ஒருவரைச் சொன்னால் அது பாராட்டு இல்லை. சொந்தமாக யோசிக்கத் தெரியாதவன், கோடு போட்ட தாளில் கோட்டைத் தாண்டாதவன் என்று அர்த்தம். முப்பத்தைந்து வருஷம் அந்தப் புத்திக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது பென்ஷனும் அதற்குத்தான் வருகிறது. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் வயதுக்காரர்களில் பத்துப் பேரிடம் பேசினால் அதில் நான்கு பேருக்காவது எழுத வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் பேரன் வாங்கிக் கொடுத்த கேமராவையோ நல்ல செல்போனையோ வைத்துக்கொண்டு படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் வருஷம் முடிந்து பார்த்தால் நோட்டில் மூன்று பக்கம்தான் இருக்கும். போனில் நாலாயிரம் படம் இருக்கும், அதில் எது எந்த ஊர் என்று தெரியாது. காரணம் கேட்டால் "நேரமில்லை", "மூட் வரலை", "நம்மகிட்ட எழுத என்ன சார் இருக்கு" என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்.

இந்த மூன்றுக்கும் மருந்து குமாஸ்தா புத்திதான் என்பது என் கட்சி.

குமாஸ்தா புத்தி என்றால் என்ன? அலுவலகத்தில் காலையில் தபால் வரும். ஒவ்வொன்றிலும் வந்த தேதி முத்திரை விழும். பிறகு அது தன் பதிவேட்டில் ஏறும்: எண், தேதி, யாரிடமிருந்து, என்ன பொருள், என்ன நடவடிக்கை. இன்றைக்கு மனசு சரியில்லை என்று யாரும் பதிவேட்டை மூடி வைக்க முடியாது. வந்த தபாலில் எது பின்னால் கோர்ட் வரைக்கும் போகும், எது பீரோவுக்கு அடியில் எலி தின்னும் என்பதும் அன்றைக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்ற வேண்டும். ஆக மூன்றே விதி. தினமும் உட்கார வேண்டும். தேதி போட வேண்டும். எது முக்கியம் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எனக்கு இது அலுவலகத்துக்கு முன்பே பழக்கமானது. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகையில் முதலில் கிழமை, தேதி, மாதம், வருஷம் எழுதுவார். நோட்டுக்கு பிரெஞ்சில் 'காயே' என்று பெயர். காயேயில் தேதி எழுதி அடிக்கோடு போட்ட பிறகுதான் மற்ற எதுவும். அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதுகிற 'திக்தே' ஒரு பிழை இல்லாமல் இருந்தாலும், மேலே தேதி இல்லாவிட்டால் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். பின்னால் அம்மாவின் ஊரான கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்து அரசு வேலையில் சேர்ந்தபோது, மொழி மாறியதே தவிர நோட்டு மாறவில்லை.

முதல் சாக்கை எடுத்துக்கொள்வோம். நேரமில்லை.

புதுச்சேரியில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையைத் தெரியாமல் இருக்காது. 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். வியாபாரி. பிறகு கவர்னர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷி. கப்பல் சரக்கு, துணி வியாபாரம், நவாபுகளோடு பேச்சு, கவர்னர் வீட்டு அரசியல் என்று அந்த ஊரிலேயே அவரைவிட வேலை அதிகமுள்ள தமிழர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அவர் 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி நாட்குறிப்பைத் தொடங்கினார். நடுவில் விட்டுப்போன காலங்கள் உண்டு. ஆனாலும் 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை, இருபத்தைந்து வருஷம் எழுதினார். அவர் கண்ணை மூடிய சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது.

என்ன எழுதினார்? எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, யார் வீட்டுக் கல்யாணம், யாருக்கு யார்மேல் கோபம் என்று எல்லாவற்றையும் எழுதினார். 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதும் அதில் இருக்கிறது. சரித்திரம் எழுதுகிறோம் என்று தலையைத் தூக்கிக்கொண்டு எழுதியதாகத் தெரியவில்லை. ஒரு கணக்குப்பிள்ளை ஏடு ஏற்றுகிற மாதிரிதான் எழுதிக்கொண்டு போகிறார்.

அது கிட்டத்தட்ட நூறு வருஷம் கவனிப்பார் இல்லாமல் கிடந்து, 1846-ல் கலுவா மொம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. பின்னால் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் போக முடியாது. இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு நடுவே நின்ற மனிதருக்கு எழுத நேரம் இருந்தது. பத்து மணிக்கு மேல் பேப்பரையும் டிவியையும் மாற்றி மாற்றிப் பார்க்கிற நமக்கு இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

அடுத்தது மூட்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலோப் நம் ஜாதி, அதாவது குமாஸ்தா ஜாதி. 1834-ல், பத்தொன்பது வயதில், லண்டன் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1867 வரை அந்த இலாகாவில் இருந்தார். தெருவில் தபால் பெட்டி வைக்கும் முறையை அந்த நாட்டுக்குக் கொண்டு வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே தன் நாற்பத்தேழு நாவல்களில் பலவற்றை எழுதினார். எப்படி? காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்காருவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு இருநூற்றைம்பது வார்த்தை. ஆபீஸுக்குப் போகும் முன் மூன்று மணி நேரம். விடிகாலையில் எழுப்பி காபி கொடுக்க ஒரு வேலையாளுக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார்.

இதையெல்லாம் அவரே தன் சுயசரிதையில் எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு 1883-ல் புத்தகம் வந்ததும் பலர் முகம் சுளித்தார்கள். கடிகாரம் வைத்து எழுதுவது கலையா, செருப்புத் தைக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது என்றார்கள். அவர் பெயர் கொஞ்ச காலம் மங்கியது. ஆனால் நூற்று நாற்பது வருஷம் கழித்தும் அவர் நாவல்கள் கடையில் கிடைக்கின்றன. செருப்புத் தைப்பவரை மட்டமாக நினைக்கிறவர்கள்தான் அந்த ஒப்புமையைக் கேட்டு வெட்கப்பட வேண்டும். நன்றாகத் தைத்த செருப்பு ஊர் போய்ச் சேர்க்கும்.

மூட் என்பது உட்கார்ந்த பிறகு வருவது. முதல் நாலு வரி வெறும் தேதியும், வெயிலும், காய்கறி விலையுமாக இருக்கும். ஐந்தாவது வரியில் ஏதோ ஒன்று நினைவுக்கு வரும். அந்த ஐந்தாவது வரிக்காகத்தான் முதல் நாலு வரி.

மூன்றாவது சாக்குதான் மற்ற இரண்டையும்விட மோசமானது. எழுத என்ன இருக்கிறது, படம் எடுக்க என்ன இருக்கிறது என்பது.

நம் வீரசோழபுரத்தைப் பாருங்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு இடம் பார்த்தபோது பேப்பரில் அடிபட்டதே, அதே ஊர். 1956-ல் யாரோ ஒரு போட்டோகிராபர் அங்கே சிவன் கோயிலுக்கு வந்து செப்புச் சிலைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காக எடுத்த படம். அந்த நிறுவனம் 1955-ல் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கோயில்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைப்பதை ஒரு வேலையாகச் செய்தார்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. இந்தப் படத்துக்கும் ஊர், தாலுகா, வருஷம் எல்லாம் பதிவில் இருந்தன.

பிறகு சிலை காணாமல் போனது. சுந்தரரும் பரவை நாச்சியாரும் சேர்ந்து நிற்கிற அந்தச் சிலை எங்கெங்கோ சுற்றி, 1987-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் போய்ச் சேர்ந்தது. 2023-ல் அவர்களே புதுச்சேரிப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, கள்ளக்குறிச்சி தாலுகா வீரசோழபுரத்தில் 1956-ல் இருந்தது இதுதான் என்று உறுதி செய்தார்கள். இன்னும் இரண்டு தமிழ்நாட்டுச் சிலைகளோடு இதையும் இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக 2026 தொடக்கத்தில் அறிவித்தார்கள்.

இது ஒன்று மட்டும் இல்லை. நமக்குப் பக்கத்தில் விருத்தாசலம். அங்கே விருத்தகிரீஸ்வரர் கோயிலில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. 1974-ல் எடுத்த புதுச்சேரிப் படம்தான் சாட்சி. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கு 1994-ல் எடுத்த படம் சாட்சி. இரண்டும் 2014 செப்டம்பரில் திரும்பி வந்தன.

அந்த போட்டோகிராபர்கள் பெரிய கலைப் படம் எடுக்கப் போனவர்கள் இல்லை. வெயிலில் ஊர் ஊராகப் போய், சிலையை நேராக நிறுத்தி, தெளிவாக எடுத்து, ஊர் பெயரை எழுதிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போனவர்கள். 1956-ல் வீரசோழபுரத்தில் எடுத்த படம் எழுபது வருஷம் கழித்து அமெரிக்காவில் பேசும் என்று எடுத்தவருக்குத் தெரிந்திருக்குமா? முக்கியமானதை மட்டும் எடுப்போம் என்று அவர் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தச் சின்ன ஊரை விட்டிருப்பார். படம் மட்டும் இருந்து ஊர் பெயர் இல்லாமல் போயிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. சிலையை வீட்டுக்கு அழைத்து வருவது படத்தோடு சேர்ந்த அந்த ஒரு வரிதான்.

அதனால் படம் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது: பெயர் எழுதாத படம் முடியாத படம். க்ளிக் என்பது பாதி வேலை. என்னிடம் இருந்த அக்ஃபா க்ளிக் த்ரீ கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். கழுவி வர ஒரு வாரம். அதனால் ஒவ்வொரு படமும் மனசில் நிற்கும், பின்பக்கம் எழுதவும் தோன்றும். இப்போது ஒரு கல்யாணத்தில் ஒருவர் முன்னூறு எடுக்கிறார். செல்போனே தேதி போட்டுவிடுகிறதே என்பார்கள். போனில் இருக்கிற வரைக்கும் சரி. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு ஒட்டியிருந்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடுகின்றன. யார் நிற்கிறார்கள் என்பது எந்தப் போனுக்கும் தெரியாது.

மாமியார் வீட்டுப் பெட்டியில் ஒரு குரூப் போட்டோ இருக்கிறது. பதினோரு பேர். ஸ்டூடியோ திரை, நடுவில் நாற்காலி, தரையில் இரண்டு குழந்தைகள். அதில் மூன்று பேரை மட்டும்தான் இன்று சொல்ல முடிகிறது. மற்ற எட்டுப் பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நம்மை நம்பி நிற்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பென்சிலும் இரண்டு நிமிஷமும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. பதிவேடு இலக்கியம் ஆகுமா? தினமும் தேதி போட்டு விலைவாசி எழுதினால் எழுத்தாளர் ஆகிவிடலாமா? ஆக முடியாது. ஆனந்தரங்கர் நாட்குறிப்பிலேயே பல பக்கங்கள் சலிப்புத் தட்டும். ஆனால் அந்தப் பக்கங்களிலிருந்துதான் பிரபஞ்சன் ஒரு புதுச்சேரியையே எழுப்பினார். 'வானம் வசப்படும்' நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. நெல் இருந்தால்தானே சோறு.

படத்துக்கும் இதே கதைதான். பாரிஸில் யூஜீன் அட்ஜே என்று ஒருவர். கனமான மரக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு, இடிபடப் போகிற பழைய தெருக்களையும் கடை வாசல்களையும் மாடிப்படிகளையும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் எடுத்தார். தன் கதவில் மாட்டிய பலகையில் 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்' என்றுதான் எழுதியிருந்தார். 1927-ல் இறந்தார். இன்று போட்டோ கலையின் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. ஆவணம் என்று நினைத்துச் சேர்த்தது கலையாக நின்றது. கலை என்று நினைத்துக் காத்திருந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். எழுத இங்கே என்ன இல்லை? நாம் வீடு மாறாமலே மூன்று மாவட்டத்தில் குடியிருந்தவர்கள். தென்னார்க்காட்டில் பிறந்தோம், 1993-ல் விழுப்புரத்துக்காரர் ஆனோம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சடையகவுண்டன், குரும்பகவுண்டன், ஆரியகவுண்டன் ஜாகீர் என்று மூன்று. நாடு விடுதலையாகி இருபத்தொன்பது வருஷம் கழித்துத்தான் மலை அரசாங்கத்திடம் வந்தது. அந்தக் காலத்தில் மலையில் வரி எப்படிக் கொடுத்தார்கள், வெள்ளிமலைக்கு எந்த வழியாக நடந்து ஏறினார்கள், கடுக்காயை யாரிடம் விற்றார்கள் என்பதை நேரில் கண்டவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.

மலையில் ஒரு பெரியவரிடம் சாமை வகைகளின் பெயர்களைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். "எழுதிக்கங்க சாமி. எம் பசங்க ரேஷன் அரிசி தின்னு வளந்தவங்க. இந்தப் பேரெல்லாம் என்னோட சரி" என்றார். அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். எனக்குத்தான் பேனா நின்றுவிட்டது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைப் பள்ளிகளில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஆசிரியர், என் நண்பர். ரோடு இல்லாத காலத்தில் கச்சிராயபாளையத்திலிருந்து நடந்து ஏறியவர். அவர் சொல்லக் கேட்டால் நேரம் போவது தெரியாது. எழுதுங்க சார் என்று எப்போது சொன்னாலும், "பொங்கல் கழியட்டும் சார், ஒரேயடியா உட்கார்ந்து நல்லா எழுதிடணும்" என்பார். போன வருஷம் போய்விட்டார். அவர் மேஜையில் தோல் அட்டை போட்ட இரண்டு அழகான டைரிகள் இருந்தன. இரண்டிலும் பெயரும் விலாசமும் மட்டும் எழுதியிருந்தது. நல்லா எழுதணும் என்ற ஆசைதான் அவரை எழுதவிடாமல் செய்தது. அரைகுறையாக ஒரு நாற்பது பக்கம் எழுதியிருந்தால்கூட இன்று எங்களுக்குப் போதும்.

அதனால்தான் ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் வார்த்தை, வாரத்துக்கு இத்தனை படம், அதற்கு ஒரு ஆப் என்று இளைஞர்கள் போடுகிற கணக்கு நமக்கு வேண்டாம் என்கிறேன். நாம் எண்ண வேண்டியது நாட்களை. நாற்பது ரூபாய் நோட்டு போதும். அழகான டைரி வேண்டாம், அதில் எழுதப் பயம் வரும். காலை காபி முடிந்ததும் இருபது நிமிஷம். அரைப் பக்கம். வருஷத்துக்கு நூற்று எண்பது பக்கம் சேரும். உடம்பு முடியாத நாளில் தேதியும் 'உடம்பு முடியவில்லை' என்ற ஒரு வரியும் போதும். பதிவேட்டில் இடைவெளி விழக் கூடாது, அவ்வளவுதான்.

படம் எடுக்கிறவர்கள் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கோமுகி அணைக்கரை, சந்தை மைதானம், உங்கள் தெரு முனை, எதுவானாலும் சரி. மாதம் முதல் தேதி அதே இடத்தில் நின்று ஒரே ஒரு படம். வருஷத்துக்குப் பன்னிரண்டு, பழைய கணக்கில் ஒரு ரோல். பிரிண்ட் போட்டு, பின்னால் தேதி, இடம், படத்தில் இருப்பவர் பெயர். மாவட்டத்தோடு தாலுகாவையும் எழுதுங்கள். மாவட்டம் எப்போது மாறும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? பத்து வருஷம் கழித்து அந்த நூற்றிருபது படங்களை வரிசையாக வைத்தால், ஊர் எப்படி மாறியது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இருக்காது. பத்து வருஷம் நாம் இருப்போமா என்று கேட்காதீர்கள். ஆபீஸில் யாரும் தன் பதிவேட்டை முடித்துவிட்டு ஓய்வு பெற்றதில்லை. அடுத்து அந்த நாற்காலிக்கு வருபவர் புரிந்துகொள்ளும்படி வைத்துவிட்டுப் போனால் போதும். நம் பெட்டியைப் பின்னால் திறக்கப் போகிறவரும் அப்படி வருகிறவர்தான்.

மேஜை டிராயரில் ஒரு நோட்டு இருக்கும். பேரனுடைய பழைய கணக்கு நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை, பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மேலே தேதி போடுங்கள். முதல் வரி தானாக வரும்.